மணற்குன்றின் மேல் ஒரு சிலுவை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஒருமுறையேனும் பயணம் செய்தவர்கள் அந்நிலத்தின் தோற்றத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். நகரின் எல்லையைத் தாண்டியதும் இருமருங்கிலும் உப்பளங்கள். வரப்போரங்களில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்புக் குவியல்கள். சற்றுத் தொலைவில் தாமிரபரணி குறுக்கிடுகின்றது. உடனே நிலத்தின் நிறமே மாறிவிடுகின்றது. ஆத்தூர்ப் பகுதியின் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் கண்ணைக் குளிர்விக்கின்றன. ஆறுமுகநேரியை அடைந்தால் மீண்டும் உப்பு. பின்னர் காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர். அதற்கப்பால் பனைமரங்களும் செம்மணலும் ஆட்சி செய்கின்றன. குலசேகரன்பட்டினத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றால், கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு மணல்மேடும், அதன் உச்சியில் வெண்ணிறத் திருச்சிலுவை ஆலயமும் தெரிகின்றன. அதுவே மணப்பாடு.

சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில் நான் அவ்வூருக்குச் சென்றேன். திருவிழாக் காலமன்று, திருச்சிலுவைப் பெருவிழா செப்டம்பர் 14-ஆம் நாள்தான் வருகின்றது. சுற்றுலாவுக்காகவும் நான் செல்லவில்லை. இறைவனிடம் வழி கேட்கச் சென்றேன். குலசேகரன்பட்டினத்தில் விண்கலங்களை ஏவுவதற்கான தளம் ஒன்றுக்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கின்றது. வானத்தில் செல்லும் கலங்களுக்கெல்லாம் வழி வகுக்க அறிஞர்கள் தேர்ந்தெடுத்த அந்த ஊரைக் கடந்து, என் சிறு வீட்டிற்கு ஒரு வழி தெரியாதவனாய் நான் பேருந்தில் அமர்ந்திருந்தேன்.

என் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அவ்வாண்டு பங்குனியில் என் மனைவியைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் குழறிப்போயிற்று. மருத்துவச் செலவுக்காக வீட்டை அடமானம் வைத்தோம். எங்களுக்கு ஒரே மகன்; பொறியியல் படித்தவன். தாயைத் தூக்கி உட்காரவைப்பதும், கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், கரண்டியால் கஞ்சி ஊட்டுவதும் அவனே. என் கைகளுக்கு அவ்வளவு வலு இல்லை. இந்நிலையில் வளைகுடா நாடு ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தால் கடன் தீரும், வீடு மீளும். பத்து நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்று கடிதம் வந்தது.

“அப்பா, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்” என்றான் மகன்.

அவ்வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாகப் பெரும் பாரமாக இருந்தது. ‘போ’ என்று சொன்னால் நோயாளியைக் கைவிட்டவர்கள் ஆவோமோ என்ற அச்சம். ‘இரு’ என்று சொன்னால் வீடும் போய், பிள்ளையின் எதிர்காலமும் போய்விடுமோ என்ற கலக்கம். ஆறு இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. ஏழாம் நாள் காலை, சிறுவனாயிருந்தபோது என் தாய் என் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்ற மணப்பாடு நினைவுக்கு வந்தது. உடனே புறப்பட்டேன்.

முறிந்த பாய்மரம்

மணப்பாட்டின் தெருக்களில் நடப்பதே ஒரு தனி அனுபவம். உயர்ந்த சுவர்களும் அகன்ற முகப்புகளும் கொண்ட பழைய வீடுகள், கடல் கடந்து வாணிபம் செய்தவர்களின் வளமான காலத்தை நினைவூட்டுகின்றன. ஊருக்குள் தூய ஆவியின் பெயரால் அமைந்த ஆலயம் இருக்கின்றது. ஊரை விட்டுச் சற்று விலகி, கடலோர மேட்டின் மீது திருச்சிலுவை ஆலயம். அருகிலே கலங்கரை விளக்கம். கருமேனியாறு கடலோடு கலக்க வந்து, மணல் திட்டுகளால் தடைபட்டு, கழியாகத் தேங்கி நிற்கின்றது. மேட்டில் ஏறி நின்றால் ஒருபுறம் அமைதியான கழிநீரும், மறுபுறம் ஓயாது மோதும் கடலும் ஒரே பார்வையில் தெரிகின்றன. கலக்கமும் அமைதியும் அடுத்தடுத்து வாழ்வதைப் படைத்தவர் அவ்விடத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார் என்று எண்ணத் தோன்றும்.

அந்தச் சிலுவை அங்கு வந்த வரலாற்றை அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று நடுக்கடலில் புயலில் அகப்பட்டது, பாய்மரம் முறிந்தது. உயிரோடு கரைசேர்ந்தால், முறிந்த அம்மரத்தாலேயே ஒரு சிலுவை செய்து, கரைசேரும் இடத்தில் நாட்டுவதாகக் கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார். கப்பல் அலைகளின் போக்கில் மிதந்து வந்து மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கியது. 1540-ஆம் ஆண்டில் அச்சிலுவை இம்மேட்டில் நாட்டப்பட்டது. பின்னர் 1581-ஆம் ஆண்டில் ஆலயம் எழுந்தது. இதுவே மரபு.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி என் மனத்தைத் தொட்டது. கப்பலைச் செலுத்துவது பாய்மரம். அது முறிந்த பிறகு அக்கப்பல் தான் விரும்பிய துறைமுகத்துக்குச் செல்லவில்லை. மணப்பாட்டுக்கு வரவேண்டுமென்று அத்தலைவர் எண்ணியதும் இல்லை. எந்த மரம் முறிந்ததால் அவருடைய திட்டம் சிதைந்ததோ, அந்த மரமே சிலுவையாகி நிற்கின்றது. ‘என் வீட்டிலும் பாய்மரம் முறிந்துவிட்டது, ஆண்டவரே, நான் எந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்?’ என்று கேட்டவாறே ஆலயத்துக்குள் நுழைந்தேன்.

நான் கேட்ட அடையாளம்

ஆலயத்தினுள் ஒரு வயதான அம்மையார் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எவருமில்லை. நான் முழந்தாளிட்டேன். அன்று நான் செய்த செபத்தை இங்கு மறைக்காமல் எழுதுகிறேன். வாசகர்களில் சிலரேனும் இவ்வாறு செபித்திருக்கக்கூடும் அல்லவா?

‘ஆண்டவரே, நான் வெளியே செல்லும்போது காற்று நின்றிருக்குமானால், மகன் வெளிநாடு செல்வது உமது திருவுளம் என்று கொள்வேன்’ என்றேன்.

வெளியே வந்தேன். ஆனி மாதத்து மணப்பாட்டில் காற்று நிற்குமா? மேல்துண்டைப் பறித்துக்கொண்டு போகும் வேகத்தில் வீசிற்று. மணல் முகத்தில் ஊசியாய்க் குத்தியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடியும் உள்ளே சென்று, ‘காற்று வேண்டாம், ஆண்டவரே, மாலைக்குள் யாரேனும் ஒருவர் வெளிநாட்டைப் பற்றி என்னிடம் பேசினால் அதையே அடையாளமாகக் கொள்கிறேன்’ என்று வேறொன்றைக் கேட்டேன்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் வழி கேட்கவில்லை, ஒப்பம் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘போகட்டும்’ என்று என் மனம் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டது. அதன் கீழ் இறைவன் கையெழுத்து இடவேண்டும், அவ்வளவுதான். அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளை மேலதிகாரியிடம் நீட்டியவனுக்கு, திருச்சிலுவையின் முன்னும் அதே பழக்கம்!

கிதியோன் ஆட்டுத் தோலை விரித்து இறைவனிடம் அடையாளம் கேட்டது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது, தம்மால் இயலாதென்று அஞ்சிய ஒரு பணிக்கு. நானோ எனக்கு வசதியான ஒன்றுக்கு அடையாளம் தேடினேன். வெட்கத்தோடு எழுந்து, ஆலய மேட்டின் சரிவில் கடலை நோக்கி அமைந்திருக்கும் சவேரியார் குகைக்குச் சென்றேன்.

குகையில் ஒரு நினைவு

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது மணப்பாட்டில் தங்கினார். இக்குகையில் செபமும் தவமும் செய்தார் என்பர். கடல் எட்டும் தூரத்தில் இருந்தும் குகையினுள் உள்ள கிணற்றில் நல்ல நீர் கிடைக்கின்றது. அதில் ஒரு வாய் பருகிவிட்டு, குளிர்ந்த தரையில் அமர்ந்தேன். வெளியே காற்றின் இரைச்சல், உள்ளே அமைதி. சவேரியாரின் வாழ்க்கை வரலாற்றில் படித்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அவர் இந்தியாவுக்கு வந்ததே அவருடைய திட்டமன்று. முதலில் இப்பணிக்குக் குறிக்கப்பட்டவர் பொபதில்லா என்ற மற்றொரு சேசு சபைத் தோழர். அவர் நோயுற்றுப் பயணம் செய்ய இயலாதவரானார். புறப்பட வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. வேறு வழியின்றிப் புனித இஞ்ஞாசியார் சவேரியாரை அனுப்பினார். ஏறத்தாழ ஒருநாள் அவகாசத்தில், 1540-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் உரோமையை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், தமது முப்பத்தைந்தாம் பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பலேறினார். மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. 1542-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள்தான் கோவாவை அடைந்தார். ஒருவரின் நோயும், பல மாதத் தாமதமும் சேர்ந்தல்லவா அவரை நம் கரைக்குக் கொண்டுவந்தன! அதுமட்டுமா? அவர் உரோமையிலிருந்து புறப்பட்ட அதே 1540-ஆம் ஆண்டில்தான் முறிந்த பாய்மரம் சிலுவையாக இம்மேட்டில் ஏறிற்று என்று மரபு கூறுகின்றது. ஒன்றையொன்று அறியாத இரண்டு பயணங்கள் ஒரே மணல்மேட்டில் வந்து சேர்ந்தன.

வந்த பிறகும் அவருக்குக் காற்று சாதகமாக வீசிற்றா? இல்லை. 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததைக் கேளுங்கள். வடுகப் படைவீரர்கள் கடற்கரை ஊர்களைத் தாக்கியபோது, கன்னியாகுமரிப் பகுதிக் கிறிஸ்தவர்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டனர். அங்கே உணவுமில்லை, குடிநீருமில்லை. செய்தி கேட்ட சவேரியார் இருபது தோணிகளுடன் அவர்களுக்கு உதவக் கடல்வழியே புறப்பட்டார். தென்மேற்குப் பருவக் காற்று நேர் எதிரே வீசிற்று. துடுப்பு வலித்துப் பார்த்தனர். கயிறு கட்டி இழுத்துப் பார்த்தனர். தோணிகள் முன்னேறவில்லை. அவர் மணப்பாட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. தம் உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு மணப்பாட்டிலிருந்து எழுதிய மடலில் இத்துன்பத்தை அவரே குறிப்பிடுகிறார்.

எண்ணிப் பாருங்கள். செய்யப் போனது நற்செயல்; பசியால் வாடுவோருக்கு உணவளிப்பது. செய்யப் போனவர் புனிதர். வேண்டுதலுக்குக் குறைவில்லை. ஆயினும் காற்று நிற்கவில்லை. ‘காற்று எதிர்க்கிறது; ஆகவே இது தேவ சித்தமன்று’ என்று அவர் முடிவு கட்டினாரா? இல்லை. ‘நான் இறைவனின் ஊழியன், ஆகவே காற்று எனக்குப் பணிய வேண்டும்’ என்று பிடிவாதம் செய்தாரா? அதுவும் இல்லை. திரும்பினார், மடல் எழுதினார், பிறகு கடல்வழியை விட்டுத் தரைவழியே நடந்து அம்மக்களிடம் சென்றார்.

அதே மணப்பாடு, அதே பருவம், அதே காற்று. அக்காற்றை நிறுத்தும்படி நான் அடையாளம் கேட்டிருந்தேன்! சவேரியாருக்காக நிற்காத காற்று எனக்காகவா நிற்கும்?

வலை பின்னிய பெரியவர்

பிற்பகலில் கரைக்கு இறங்கினேன். வள்ளங்கள் மணலில் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மறைவில் ஒரு பெரியவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். கண்கள் மட்டும் கடலை விட்டு அகலவில்லை.

“இன்றைக்குக் கடலுக்குப் போகவில்லையா, ஐயா?” என்று கேட்டேன்.

“காற்று விழட்டும் தம்பி, போவோம்” என்றார்.

“எப்போது விழும்?”

அவர் சிரித்தார். “அது எனக்குச் சொல்லிவிட்டா விழும்? அதுவரை வலையைத் தைக்கலாமே. கிழிந்த வலையோடு நல்ல காற்றுக்குக் காத்திருந்து என்ன பயன்?”

அவரருகே அமர்ந்தேன். பேச்சு பழைய நாட்களுக்குத் திரும்பிற்று. இக்காலத்து இளைஞர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கின்றது, கடலின் எந்த மூலையில் நின்றாலும் இடத்தைக் காட்டிவிடுகின்றது. அவர் காலத்தில் அதெல்லாம் ஏது? “எப்படித்தான் வழி கண்டீர்கள்?” என்று கேட்டேன்.

பெரியவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு மேட்டைக் காட்டினார். “கரையில் இரண்டு அடையாளம் வேண்டும், தம்பி. குன்றுமேல் கோவில் ஒன்று. அதற்குப் பின்னாலே உள்ளே தள்ளி ஒரு பனையோ, கட்டடமோ, ஏதோ அசையாத ஒன்று. முன்னாலே இருப்பதும் பின்னாலே இருப்பதும் ஒரே நேராய் வந்தால் நாம் சரியான ஓட்டத்தில் இருக்கிறோம். இரண்டும் பிரிந்து தெரிந்தால் நீரோட்டம் நம்மை இழுத்துவிட்டது என்று அர்த்தம்.”

“கோவில் ஒன்று மட்டும் தெரிந்தால் போதாதா?”

“போதாது. ஒற்றை அடையாளம் கடலில் எந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். அதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தால் நேராய் வருகிற மாதிரியே இருக்கும். பாரில் போய் மோதின பிறகுதான் தெரியும்.”

அவர் அதை ஓர் உவமையாகச் சொல்லவில்லை. தம் தொழிலைச் சொன்னார். என் வீட்டு விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. வெளிநாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என்றாலும் அன்று நான் கேட்டு வந்த மறுமொழி அதில் இருந்தது.

நான் ஒற்றை அடையாளத்தை வைத்துக்கொண்டு ஓடியவன். கடன் என்ற ஒன்று மட்டுமே என் கண்ணுக்குத் தெரிந்தது. இறைவனின் வார்த்தை ஓர் அடையாளம். என் அந்தஸ்துக்குரிய கடமை, அதாவது இன்றைய நாளில் என் கண்முன் இருக்கும் மனிதர்களுக்கு நான் செய்ய வேண்டியது, மற்றோர் அடையாளம். இவ்விரண்டும் நேராக வருகின்றனவா என்று நான் பார்க்கவே இல்லை. பார்த்த அக்கணமே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இத்தனை நாட்களில் மகனிடம் பேசினேன், உறவினர்களிடம் பேசினேன், கடன் கொடுத்தவரிடம் பேசினேன், இறைவனிடமும் பேசினேன். யாருடைய நோயை முன்னிட்டு இக்கேள்வி எழுந்ததோ, அவளிடம் மட்டும் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ‘பேச முடியாதவளிடம் என்ன கேட்பது?’ என்று இருந்துவிட்டேன். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பேன் என்று பீடத்தின்முன் வாக்களித்தது யாரிடம்?

மகன் போகவேண்டுமா, இருக்கவேண்டுமா என்பது அப்போதும் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்கவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அந்த ஓர் அடி போதுமென்று கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.

வீட்டில் நிகழ்ந்தது

அன்றிரவு அவள் கட்டிலருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடன் எவ்வளவு என்பதையும் மறைக்கவில்லை. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டேன். அவள் நெடுநேரம் என்னையே பார்த்தாள். கண்ணீர் வழிந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாக, இடையிடையே மூச்சு வாங்க, “போகட்டும்... இப்போது... வேண்டாம்” என்றாள்.

வாசலில் நின்றிருந்த மகன் உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். தாயை விட்டுப் பிரிய மனமில்லை என்று சொன்னால் தந்தையின் சொல்லுக்குக் கீழ்ப்படியாதவன் ஆவேனோ என்று அவன் அஞ்சியிருக்கிறான். மூன்று மாதங்களாக ஒரே கூரையின் கீழ் மூவரும் ஒருவர்க்கொருவர் அஞ்சி மௌனமாக இருந்திருக்கிறோம்!

ஆறு மாதம் பொறுக்க இயலுமா என்று அந்நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். இயலாது என்று பதில் வந்தது. வேலை போயிற்று. இதைக் கேட்கும் வாசகர்கள், ‘பிறகு இறைவன் அதைவிடப் பெரிய வேலையைக் கொடுத்தார்’ என்று நான் எழுதப்போவதாக எதிர்பார்க்கலாம். அப்படி நடக்கவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் திருநெல்வேலியில் ஒரு சிறிய பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. சம்பளம், வெளிநாட்டில் கிடைத்திருக்கக்கூடியதில் பாதிகூட இல்லை. கடனைத் தவணை நீட்டித்து வாங்கியிருக்கிறோம், இன்னும் தீரவில்லை. வீட்டுப் பத்திரம் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. என் மனைவி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து வருகிறாள். மாலையில் மகன் வரும் நேரத்துக்கு அங்கே வந்து நிற்பாள்.

அந்த வேலைக்குப் போயிருந்தால் எங்கள் நிலை மேலாக இருந்திருக்குமோ, என்னவோ. சில இரவுகளில் அவ்வெண்ணம் வராமல் இல்லை. வரும்போது மணப்பாட்டுப் பெரியவரின் வலை நினைவுக்கு வரும். எழுந்து செபமாலையைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

இறைப் பராமரிப்பை நம்புதல்

அன்பு வாசகர்களே! இறைவன் நம்மை வழிநடத்துகிறார் என்பது நம் விசுவாசம். ஆனால் அவர் வழிநடத்தும் முறையை நாம் பலவேளைகளில் தவறாகப் புரிந்துகொள்கிறோம். பயணம் முழுவதற்குமான வரைபடத்தை முதலிலேயே கையில் கொடுத்துவிட வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். விவிலியத்தில் அவர் எவரிடமும் அவ்வாறு நடந்துகொண்டதாகத் தெரியவில்லை. ஆபிரகாம் எங்கே போகிறோம் என்று அறியாமலே புறப்பட்டார். பாலைநிலத்தில் இசுரயேல் மக்கள் மேகம் எழும்போது புறப்பட்டனர்; மேகம் தங்கும்போது தங்கினர். சில வேளை இரண்டு நாள், சில வேளை ஒரு மாதம், சில வேளை அதற்கும் மேல். எத்தனை நாள் என்று எவருக்கும் முன்னரே அறிவிக்கப்படவில்லை. திருக்குடும்பத்தின் தலைவரான புனித சூசையப்பரைப் பாருங்கள். குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடச் சொன்ன தூதர், திரும்பும் நாளைச் சொல்லவில்லை. மீண்டும் சொல்லும்வரை அங்கிருக்கச் சொன்னார். அன்றிரவே அவர் எழுந்து புறப்பட்டார். அந்நிய நாட்டில் தச்சுவேலை கிடைக்குமா, தங்க இடம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் புறப்படவில்லை.

இறைவார்த்தையைத் திருப்பாடல் ஆசிரியர் காலடிக்கு ஒளிதரும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். கையில் பிடிக்கும் அகல்விளக்கு அடுத்த அடியை மட்டுமே காட்டும். அந்த அடியை எடுத்து வைத்தால்தான் அதற்கடுத்த அடி தெரியும். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, ஊர் எல்லைவரை வெளிச்சம் தெரியவில்லையே என்று முறையிடுவதில் பொருளில்லை.

ஆகவே, வழி தெரியாத நாட்களில் நாம் செய்யக்கூடியது என்ன? இறைவார்த்தையின் முன் நேர்மையோடு அமர்ந்து, நாம் வழி கேட்கிறோமா, ஒப்பம் கேட்கிறோமா என்று நம்மையே ஆராயலாம். இன்று நம் கண்முன் உள்ள கடமை எது என்று பார்த்து அதைச் செய்யலாம். அம்முடிவால் பாதிக்கப்படுகிறவர்களிடம், அவர்கள் சிறு பிள்ளைகளாயினும் நோயாளிகளாயினும், மனம் திறந்து பேசலாம். பங்குத் தந்தையிடமோ, நம்மை நன்கு அறிந்த நல்லவர் ஒருவரிடமோ ஆலோசனை கேட்கலாம். பிறகு துணிந்து ஓர் அடி எடுத்து வைக்கலாம். அது தவறான அடியாக இருந்தால்? அப்போதும் நாம் அவர் கைக்கு அப்பால் போய்விடுவதில்லை. முறிந்த பாய்மரத்திலிருந்து சிலுவையை எழுப்பியவருக்கு நம் தவறுகளும் பயன்படாத மரத்துண்டுகள் அல்ல.

சவேரியாரின் முடிவையும் இங்கு நினைத்துக்கொள்வோம். சீன நாட்டுக்குள் நுழையும் ஆவலோடு அதன் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில் அவர் காத்திருந்தார். அழைத்துச் செல்வதாகச் சொன்ன படகு வரவில்லை. 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், அந்தத் தீவிலேயே நோயுற்று உயிர் நீத்தார். வராத படகுக்குக் காத்திருந்தவரின் வாழ்க்கை வீணாயிற்று என்று எவரேனும் சொல்வார்களா? அவர் தம் படகை நம்பி வாழவில்லை. தம்மை அனுப்பியவரை நம்பி வாழ்ந்தார்.

அன்று மாலை மணப்பாட்டை விட்டுப் புறப்படுமுன் பேருந்தின் சன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். காற்று அப்போதும் நின்றபாடில்லை. பனைகள் வளைந்து ஆடிக்கொண்டிருந்தன. கரையில் அந்தப் பெரியவர் இன்னும் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். குன்றின் மேல் சிலுவை அசையாமல் நின்றது.

நம் இல்லங்களில் எக்காற்று வீசினாலும், அச்சிலுவையையும் அன்றன்றைய கடமையையும் ஒரே நேரில் கண்டு நடக்கும் அருளை இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக! கடல்மேல் நடந்த ஆண்டவர் நம் சிறு வள்ளத்தையும் தம் கரையில் சேர்ப்பாராக!